குடும்பப் பெயர் என்னும் கட்டம்

மாமாவின், அதாவது என் கணவருடைய அப்பாவின், குடும்பப் பெயர் ஒரு ஜெர்மன் பெயர். அந்தப் பெயரோடு லண்டனுக்கு முதலில் வந்தவர் மாமாவின் பூட்டனுக்கு அப்பா. கிழக்கு லண்டனில் சர்க்கரை காய்ச்சும் ஆலையொன்றில் வேலை செய்திருக்கிறார். அவருடைய கலியாணப் பதிவில் அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது. நாடு, அப்போது தனி அரசாக இருந்த ஹனோவர் என்று இருந்தது. ஊர் இல்லை.

மாமாவுக்கு அந்த ஊர் வேண்டும். அங்குள்ள தேவாலயத்தின் வாசலில் ஒருமுறை நிற்க வேண்டும். கோடையில் இடது முழங்காலுக்கு ஆபரேஷன். அதன் பிறகு எவ்வளவு தூரம் நடப்பார் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஆகவே மே மாதத்துக்குள் போக வேண்டும். எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

கையில் இருந்த ஒரே தடயம் ஒரு பழைய கடிதம். அதில் ஓர் ஆற்றின் பெயர் வருகிறது. வடகடலை நோக்கிப் போகும் அந்த ஆற்றங்கரையில் மூன்று சிற்றூர்கள். மூன்றின் ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும் மாமா பிரதி வாங்கினார். பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்க ஒரு வகுப்புக்கும் போனார். ஜெர்மன் பேச அவருக்கு ஒரு சொல்லும் வராது. எழுத்தை மட்டும் கூட்டி வாசிப்பார்.

என் வேலை தரவுகளைச் சரிபார்ப்பது. குளிர்காலம் முழுக்க, ஞாயிறு பிற்பகல்களில், தெற்கு லண்டன் குரோய்டனில் மாமாவின் சமையலறை மேசையருகே இருந்து பதிவேடுகளை அட்டவணையாக்கினோம். அவர் பூதக்கண்ணாடி பிடித்து வாசிப்பார், நான் தட்டச்சு செய்வேன். அவருக்கு இஞ்சி பிஸ்கட் நான்கு, எனக்கு இரண்டு. ஐந்தாவதை எடுக்கும்போது வேண்டுமென்றே ஒரு கடினமான பெயரை எனக்கு எழுத்துக் கூட்டிச் சொல்வார், நான் திரையை விட்டு நிமிராதபடி.

மூன்று ஊர்களும் முடிந்தன. லண்டனுக்கு வந்தவருடைய ஞானஸ்நானம் எதிலும் இல்லை; ஆகவே அவருடைய அப்பாவைத் தேட மூன்று விதிகள் எழுதினேன். பிள்ளையின் பெயர், லண்டன் பதிவில் உள்ள அப்பாவின் பெயராக இருக்க வேண்டும். பிறந்த ஆண்டு பொருந்த வேண்டும். தகப்பனின் குடும்பப் பெயரும் பிள்ளையின் குடும்பப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு வரியும் வரவில்லை. எழுத்துப் பிழைகளுக்கு இடம் கொடுத்துத் தேடினேன். அப்போதும் இல்லை.

"ஏதோ செய்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருப்பார்," என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று பிஸ்கட் பெட்டியை அவர் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு என் அப்பா மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்து சாப்பாட்டுக்கு வந்தார், ஒரு பெட்டி நிறைய மீன் கட்லட்டோடு. வரும் வழியில், தான் வந்த புதிதில் ஏறி இறங்கிய குரோய்டனின் உயரமான விசா அலுவலகக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்ததால் வழக்கமான வசனத்தோடு நுழைந்தார். "எத்தனை விடியப்புறம் அதில லைன்ல நிண்டனான்." பிறகு என்னிடம், "என்ன, ஆளை இன்னும் பிடிக்கேல்லையோ?"

"இல்லை அப்பா. மூண்டு ஊரிலயும் இல்லை."

"எப்பிடித் தேடினனீ?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டி மூன்று விதிகளையும் வாசித்தார். கடைசி விதியில் விரலை வைத்தார்.

"எடி பிள்ளை, இதின்படி பாத்தா நீ என்ர மகள் இல்லை."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். என்னுடையதில் இருப்பது என் அப்பாவின் பெயர். இரண்டும் வேறு. பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, அவர் உன் மாற்றாந்தகப்பனா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். விமான நிலையங்களில், வங்கியில், டாக்டரின் வரவேற்பு மேசையில் இதை விளக்கி விளக்கியே வளர்ந்தேன். அப்படிப்பட்ட நான்தான் அந்த விதியை எழுதியிருந்தேன்.

என்ன நடக்கிறது என்று மாமா கேட்டார். அப்பா ஆங்கிலத்தில், விரல் மடித்து விளக்கினார். "என் அப்பாவின் பெயர் எனக்கு. என் பெயர் இவளுக்கு. குரோய்டனில் விசா ஆபீசர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. அப்பா பெயரைச் சொன்னேன். எழுதினார். முடிந்தது."

மூன்றாவது விதியை அழித்தேன். அதன் இடத்தில் வேறொன்று எழுதினேன்: மாமாவின் குடும்பப் பெயர், தகப்பனின் முதற்பெயராக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வரி வந்தது. இரண்டாவது ஊர்.

ஒரு வரியை நான் நம்புவதில்லை. அதே ஊரின் கலியாணப் பதிவேட்டை வரவழைத்தோம். மூன்று வாரம் சென்றது. அதில் அதே ஆள், அதே தாயின் பெயரோடு, ஆனால் இப்போது மாமாவின் குடும்பப் பெயரோடு நின்றார். அந்தக் கரையோரத்து மக்களும் ஒரு காலத்தில் எங்களைப் போலத்தான், தகப்பனின் பெயரைப் பின்னால் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறும். அந்தக் கரையைச் சில வருஷம் பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது, எல்லோரும் ஒரு பெயரை எடுத்து அதையே வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு பெயர் அசையவில்லை.

மாமா பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். "இத்தனை காலமும் ஏதோ பெரிய வம்சத்தின் பெயர் என்று நினைத்தேன். யாரோ ஒருவருடைய அப்பாவின் பெயர்."

"அது போதாதா, சம்பந்தி?" என்றார் அப்பா. சம்பந்தி என்ற அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மாமாவும் கற்றிருந்தார். "போதும், சம்பந்தி," என்று சொல்லி பிஸ்கட் பெட்டியைத் திறந்தார்.

பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம். என் கணவருக்கோ எனக்கோ அல்ல, மாமாவுக்கும் அப்பாவுக்கும். அப்பா லண்டனுக்கு வருமுன் மூன்று வருஷம் ஜெர்மனியில் உணவகச் சமையலறையொன்றில் பாத்திரம் கழுவியவர். "கோப்பை கழுவுற ஜெர்மன்தான், ஆனா வழி கேக்கப் போதும்," என்றார். ஒருவர் வாசிப்பார், மற்றவர் பேசுவார். மாத்திரை, ஊன்றுகோல், பதிவேட்டின் பிரதி, கட்லட் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கட்லட்டுக்கு மட்டும் இருவரும் தனித்தனியாகச் சரி அடையாளம் போட்டிருந்தார்கள்.

மே மாதம், ஒரு வேலைநாள் மத்தியானம், அப்பாவின் குரல் செய்தி வந்தது. பின்னால் காற்று பலமாக வீசியது.

"கோயில் பூட்டிக் கிடக்கு. சம்பந்தி படியில இருக்கிறார், கால் நோகுதாம். பூட்டின்ர திறப்பு ஆரோ ஒரு மனுசியிட்டையாம். நான் தேடிப் போறன்."

அலுவலகத்தில் இருந்த என்னால் வேலையில் கவனம் வைக்க முடியவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அடுத்த செய்தி.

"திறந்தாச்சு. மனுசி சம்பந்தியிட்டைப் பேர் கேட்டவ. சொன்னவுடன, இஞ்ச அந்தப் பேரில ஒருத்தரும் இல்லை எண்டுறா. நான் சொன்னன், ஓம், எல்லாரும் லண்டனுக்கு வந்திட்டினம் எண்டு. இப்ப சம்பந்தி உள்ள முன் வரிசை வாங்கில இருந்து அழுறார். நான் வாசல்ல நிக்கிறன். சரியான குளிர். அவர் ஆறுதலா வரட்டும்."