ராயபுரம் மேடையில் பாதியில் நின்ற பேச்சு

கூட்டம் நடத்திய கனவானே, என் மைத்துனன் பொன்னனைக் கப்பலேற்றியது நீர்தான்.

யுத்தத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கும் தொண்டனாகப் அராபியர் நாட்டுப் பாஸ்ராவுக்குப் போய்த் திரும்பியவன் நான். அங்கே கண்டதை ஜனங்களுக்குச் சொல்லும்படி ராயபுரத்தில் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தில் என்னை மேடை ஏற்றினீர். காய்ச்சலில் தெருவில் விழுந்து கிடந்த என்னை ஓர் அராபியர் தம் வீட்டுக்குள் தூக்கிப்போய், தம் பிள்ளைகளுக்கு வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்ததைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இன்னா மாமா, நம்ம ஊர்ல ஒர்த்தன் இப்டி குடுப்பானா?" என்று கீழே நின்ற பொன்னன் சிரித்தான். "நானும் போயி துன்னுட்டு வர்றேன்."

"இர்றா, இன்னும் கீது" என்றேன்.

ஆற்றோடு மேலே, சண்டை நடக்கும் பக்கம் போகாதே என்று அந்த அராபியர் என் கையைப் பிடித்து இழுத்ததையும், அங்கே போன என் கூட்டாளிகளில் ஒருவனும் திரும்பாததையும் சொல்ல வாயெடுத்தேன். நீர் பாண்டு வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தீர். நான் கத்தினேன்; என் காதுக்கே கேட்கவில்லை. யுத்தத்துக்குப் போக ஒப்புக்கொண்டவனுக்கு நீர் போடும் மாலை அதற்குள் பொன்னன் கழுத்தில் விழுந்துவிட்டது. ஊர் பார்க்க வாங்கிய மாலையைக் கழற்றியவனை எங்கள் கொருக்குப்பேட்டையில் எவன் மதிப்பான்?

அன்று முதல் யார் கைதட்டினாலும் நான் எழுந்து போய்விடுகிறேன்.

அவனோடு போனவர்களில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவனைப் பற்றிக் கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். நீரோ அடுத்த கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிடுகிறீர். வருகிறேன். எல்லோர் முன்னாலும் முதலில் நீர் எழுந்து பதில் சொல்லும்: பொன்னன் எங்கே?