அண்ணனால் நிறுத்த முடியாத பம்பு

என் அண்ணன் முதல் தடவை மெயின் சுவிட்சை இறக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த நேரத்தில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கொட்டகலையில் எங்கள் வீடு ஒரே வீடாகக் கட்டப்பட்டது. அம்மா போன பிறகு ஹாலின் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினோம். பெரிய பாதி அண்ணனுக்கு. முன்னறையும் சமைக்க ஒரு சின்னக் குசினியும் எனக்கு. மீட்டரும் மெயின் சுவிட்சும் அவர் பக்கம் போய்விட்டதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை படுப்பார். எனக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டையும் அவர் எப்போதும் சேர்த்தேதான் சொல்வார்.

என் முன்னறையில், பலகையை ஒட்டி, நான்கடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஐந்து தங்கமீன்கள். எங்கள் குளிரைத் தங்கமீன் தாங்கும், ஹீட்டர் தேவையில்லை. ஆனால் தண்ணீரை அசிங்கப்படுத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதனால் தண்ணீர் குழாய் வழியாக ஸ்டாண்டுக்குள் இருந்த சின்னத் தொட்டிக்கு இறங்கி, பஞ்சிலும் கல்லிலும் வடிந்து, ஒரு பம்பின் வழியே மறுபடி மேலே ஏறும்படி அமைத்திருந்தேன். பம்பு மலிவானது. அதற்கு ஒரே வேகம். அது உறுமிய உறுமல் ஸ்டாண்டில் ஏறி, பலகையில் ஏறி, அண்ணனின் கட்டில்வரை போனது.

அதை நான் மறுக்கவில்லை. அவர் முதல் தடவை பலகையில் தட்டி, "தங்கச்சி, கொஞ்சம் கண்ண மூட முடியல" என்றபோது பம்புக்கு அடியில் ஸ்பொஞ்ச் வைத்தேன். ஒரு வாரம் கழித்து அண்ணி வாசலில் நின்று, ரோட்டில் போகிறவர்கள் கேட்க, "புள்ள இல்லாதவ மீன வளக்குறா, அதுக்கு நாங்க தூக்கத்த விடணுமாம்" என்றார். அன்று மாலையே ஸ்பொஞ்சை உருவி எறிந்தேன். பம்பைப் பலகைப் பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தேன். உறுமல் இரண்டு மடங்கானது. அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது முன்னறை முழுக்கத் தண்ணீர். கரண்ட் போனதும் மேலே ஏறிய குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்கி, கீழ்த்தொட்டி வழிந்திருக்கிறது. பலகைக்கு அடியால் அந்தப் பக்கமும் போய், அண்ணி தைப்பதற்காக வாங்கி வைத்திருந்த யூனிபோர்ம் துணிகளை நனைத்துவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எல்லாவற்றிலும் மூத்த மீன் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அது மறுநாள் செத்தது.

அண்ணன் நனைந்த துணிக்கட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"சுவிட்ச எறக்கினவங்கதான் சொல்லணும்."

"என் வீட்டு சுவிட்ச நான் எறக்குவேன். காலாகாலத்துல ஒருத்தன கட்டிட்டுப் போயிருந்தா இந்த எழவெல்லாம் இந்த வீட்டுக்குள்ள வந்திருக்குமா?"

நான் யோசிக்காமல் சொல்லவில்லை. யோசித்தே சொன்னேன்.

"அம்மா ரெண்டு வருசம் படுக்கையில கெடந்து மொனகுனாங்க. அது உங்களுக்குக் கேக்கவே இல்ல. பம்பு சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது."

அவர் துணிக்கட்டை என் வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்பு வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சத்தம் ஒரு காரணம். தங்கமீனுக்கு வேகமான நீரோட்டம் ஆகாது என்பது இன்னொரு காரணம். அண்ணன் என்ன செய்தாலும் என் தொட்டி ஓட வேண்டும் என்பதுதான் பெரிய காரணம்.

மீன் கடைக்காரர் தலையைத் தூக்காமலே கடையில் இருந்ததிலேயே பெரிய பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இத எடுங்க டீச்சர். பெருசா இருந்தா நல்லது."

"எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணி ஏத்தும்?"

"பெட்டியில போட்டிருக்கு."

"அது மேல ஏத்தாம விட்டா வர்ற கணக்கு. என் தொட்டிக்கு நாலரை அடி ஏறணும். வழியில ரெண்டு எல்போ வளைவு இருக்கு."

அவர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா அனுப்பி வைங்க டீச்சர். வெளங்கப்படுத்திச் சொல்றேன்."

வீட்டில் இருக்கும் ஆம்பிளை என்ன செய்தார் என்று அவரிடம் சொல்லவில்லை. பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் அச்சடித்திருந்த கோட்டுப்படத்தை அவர் மூக்குக்கு நேராகக் காட்டினேன். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைவதைக் காட்டும் கோடு. என் உயரத்தில் அந்தப் பெரிய பம்பு தருவது எனக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்கு. நடுத்தரமான இரண்டு பெட்டிகளைக் கேட்டு வாங்கி, வாளியில் தண்ணீர் வைக்கச் சொன்னேன்.

"வாங்காம நனைக்க ஏலாது."

"நனைக்காம நான் வாங்க மாட்டேன்."

வாளி வந்தது. முதல் பம்பின் கண்ட்ரோலரில் ஐந்து பட்டன் இருந்தது. சத்தம் இல்லை. பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகச் சொன்னேன். பம்பு சும்மா கிடந்தது. கரண்ட் வந்தாலும் யாராவது ஒருவர் பட்டனை அமுக்கினால்தான் அது ஓடும். அதை ஒதுக்கினேன். இரண்டாவதற்குத் திருகும் குமிழ். பிளக்கைச் சொருகியதும் மெதுவாகத் தொடங்கி, விட்ட வேகத்துக்கே வந்து நின்றது. மீனுக்குச் சாப்பாடு போடும்போது பத்து நிமிடம் ஓய்ந்து, பிறகு தானாகவே ஓட ஒரு பட்டனும் இருந்தது. கண்ட்ரோலரின் பின்னால் பட்டரி சொருக ஒரு துளை.

"இது எதுக்கு?"

"கரண்ட் போனா பட்டரியில ஓடும். அதெல்லாம் யாரும் போடுறதில்ல டீச்சர்."

"நான் போடுவேன்" என்றேன். அவர் பார்சல் கட்டும்போது கயிற்றை வேண்டுமென்றே இறுக்கி இழுத்தார். நான் நன்றி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வேலைதான். பம்பைக் கண்ணாடியில் படாமல் தடித்த ரப்பரில் உட்கார வைத்து, மிருதுவான ஹோஸில் இணைத்தேன். வாங்கி வந்த பட்டரியைக் கண்ட்ரோலரில் சொருகினேன். மேல்குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்ன ஓட்டை போட்டேன். பம்பு நின்றால் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, தண்ணீர் திரும்பி இறங்குவது நின்றுவிடும். கீழ்த்தொட்டியிலும் தண்ணீரைக் குறைத்து வைத்தேன். குமிழைப் பாதிக்குத் திருப்பியதும் மீன்களால் அசையாமல் ஒரே இடத்தில் நிற்க முடிந்தது. பலகையில் காதை வைத்துக் கேட்டேன். அண்ணன் வீட்டுக் குக்கர்தான் கேட்டது.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. பன்னிரண்டு மணிக்கு மீனுக்குச் சாப்பாடு போடுவதற்காக அந்தப் பட்டனை அமுக்கியிருந்தேன். பலகையில் தடதடவென்று அடி விழுந்தது.

"நிப்பாட்டுறியா இல்லையா? மண்ட வெடிக்குது."

"இங்க வாங்க" என்றேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் என் அறைக்குள் வந்தார். சாரத்தைத் தூக்கிக் கட்டியிருந்தார். தொட்டி முன்னால் நின்று பார்த்தார். தண்ணீரில் அசைவில்லை.

"பம்பு ஓடல. அஞ்சு நிமிசமா நின்னு கெடக்கு. இப்ப உங்களுக்கு என்ன சத்தம் கேட்டிச்சு?"

அவர் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தார். அவருடைய கழுத்து சிவந்தது. நான் அவர் வாயால் சொல்லும்வரை விடுவதாக இல்லை. மறுபடி கேட்டேன்.

"நீ இருக்குறதே சத்தம்தான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "என் பெரிய மகனுக்குப் பொண்ணு பாத்தாச்சு. கட்டிக் கூட்டிட்டு வந்தா இந்த ரூம் வேணும். நீ ஒண்டியாளு. தலவாக்கலையில வாடகைக்கு எடம் கெடைக்கும்."

"அம்மா இத என் பேருக்கு எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க."

"அம்மாவ நீதான பாத்த. நீதான எழுத வச்ச."

அந்த நேரம் பம்பு தானாகவே மெதுவாக ஓடத் தொடங்கியது. அவர் போய்விட்டார். கால் மணித்தியாலத்தில் என் அறை விளக்கு அணைந்தது. மெயின் சுவிட்சை மறுபடி இறக்கியிருந்தார். பட்டரியில் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றே தனி மீட்டருக்கு விண்ணப்பம் எழுதினேன்.

அதற்கு இது தனி வீடுதானா என்று கிராம சேவகர் வந்து பார்க்க வேண்டியிருந்தது. சிங்களத்தில்தான் பேசினார். என் வாசலையும் குசினியையும் பார்த்துவிட்டு, வேனைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய், இந்த டீச்சர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

அண்ணன் வேனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அல்லப்பு கெதர" என்றார். பக்கத்து வீடு.

கிராம சேவகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.