ஆடா, மாடா?

மகளுக்கு வாங்கிவந்த புது ஷூவின் பெட்டியைத் திறந்ததும் எழுந்த தோல் வாசனை, ஆம்பூரில் அம்மா வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பின் குடோனுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. வெயில் பட்டால் பதனிட்ட தோல் வெளுத்துவிடும் என்று ஜன்னலே வைக்காமல் கட்டிய குடோன் அது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போகும் நான், பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கும் அதன் வாசலைத் தாண்டாமல் அழுவேன்.

"இன்னாடி பயம்? உள்ள ஆடும் மாடும்தான் படுத்துனு இருக்குது. தொட்டுப் பாத்து எது எதுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

நிஜ ஆடு மாடு என்று நம்பித்தான் முதல்முறை உள்ளே போனேன். கைக்குக் கிடைத்தவை அடுக்கடுக்காய்க் குளிர்ந்த தோல்கள். மெத்தென்று வழுக்கினால் ஆடு, தடித்துச் சொரசொரத்தால் மாடு. அடுத்த அடுக்கில் என்ன, அதற்கும் அப்பால் என்ன என்று விரலால் தேடிப்போனதில், பயம் எப்போது விட்டுப்போனது என்றே தெரியவில்லை.

ஒருநாள் கையில் பட்டதைத் தடவி, "இது மாடு!" என்று கத்தினேன்.

"ஏய், அது என் கைடி" என்று இருட்டுக்குள்ளிருந்து அம்மா சிரித்தாள்.

என் மகளுக்கும் இருட்டென்றால் பயம். அறை விளக்கை அணைத்து, புது ஷூவைத் தொடக் கொடுத்து, விளையாட்டைச் சொன்னேன். பிறகு சத்தமில்லாமல் என் உள்ளங்கையை நீட்டினேன்.

நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆடு" என்றாள்.