மூன்றாவது ஆட்டக்காரரின் ஒப்பந்தம்

மழை மாதங்களில் எங்கள் பக்கத்துக் கிளப்புகளுக்குப் பந்தாட்டம் கிடையாது. ஆனால் கிளப்பின் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த மாதங்களில்தான். யார் போகிறார், யார் வருகிறார், வருகிறவருக்கு என்ன கொடுத்து இழுப்பது என்று எங்கள் ஊர் சுங்கை பட்டாணியில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா விற்கும் ஒரு கடையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து மாரடிப்போம். தலைவர் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நான் செயலாளர். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். விடுமுறை நாளில் மைதானத்து ஓரமாக நின்று, வருகிற ஆட்டக்காரர்களை எடைபோட்டு நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. எழுதுவதில் சூரன். வாயைத் திறந்து சொல்ல வேண்டிய இடத்தில் சுத்தப் பயந்தாங்கொள்ளி.

எங்கள் கிளப்பில் ஒப்பந்தம் என்பது ஒரே ஒரு தாள். இரண்டு சீசன் எங்களுக்கு ஆட வேண்டும். பதிலுக்குத் தலைவரின் பட்டறையில் வேலை, மேல்மாடியில் ஓர் அறை, ஓட்டிக்கொள்ள ஒரு பழைய மோட்டார் சைக்கிள். முன்பு அந்தத் தாளில் டாக்டர் சான்றிதழுக்கும் ஒரு வரி இருந்தது. ஒரு கோல்கீப்பர் முட்டி போனதை மறைத்து, தெரிந்தவர் கிளினிக்கில் சான்றிதழ் வாங்கி வந்து எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார். அன்றோடு தலைவர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்.

"தாள்ல பொய் எழுதலாம் லா. சாமி முன்னுக்கு எவன் பொய் சொல்லுவான்?" என்றார்.

அதிலிருந்து, புதிதாக வருகிற ஆட்டக்காரர் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் முனியாண்டி கோயிலில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, தனக்கு ஒரு நோயும் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகுதான் கையெழுத்து. நல்ல ஏற்பாடு என்று நானும்தான் தலையாட்டினேன்.

அந்த வருடம் மூன்று பேரைப் பார்த்துவைத்தோம். முதலாமவர் செமிலிங் ஊரைச் சேர்ந்த இடதுபக்க ஆட்டக்காரர். பந்து காலுக்கு வந்துவிட்டால் கூட ஆடுகிறவர்களை அடியோடு மறந்துவிடுவார். இரண்டாமவர் கோல்கீப்பர், பந்தைப் பிடிப்பதைவிடக் கத்துவது அதிகம். மூன்றாமவர் அலோர் ஸ்டாரிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர். வயது இருபத்தொன்பது. அவர் ஆடுவதைப் பார்த்து மாஸ்டர் விசில் ஊதவே மறந்துபோனார். எதிரி எங்கே உதைக்கப் போகிறான் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எங்கள் பின்வரிசையின் நான்கு வருடத் தலைவலிக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நோட்டில் எழுதினேன்.

மெர்போக் மைதானத்தில் அந்தச் சோதனை ஆட்டம் முடிந்ததும் நான் கழிவறைப் பக்கம் போனேன். அதன் பின்சுவரில் அந்தத் தடுப்பாட்டக்காரர் ஒற்றைக் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். இன்னொரு கை முஷ்டியாக மடங்கி நெஞ்சின் நடுவே அழுந்தியிருந்தது. உதட்டில் நிறமே இல்லை.

அந்த முஷ்டியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் அண்ணன் பேட்மிண்டன் ஆடிவிட்டு அப்படித்தான் நெஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். காற்றுப் பிடிப்பு என்றார். நான் சிரித்துக்கொண்டே போய் சோடா வாங்கி வந்து கொடுத்தேன். பாதி குடித்தார். மறுநாள் அவரை எடுத்துப் போய் எரித்தோம்.

"தம்பி, என்ன ஆச்சு?"

"ஒன்னும் இல்லண்ணே. காத்துதான். நேத்து நைட் ஷிஃப்ட், இன்னும் சாப்பிடல."

"கிளினிக் போவோம், வாங்க."

"வேணாண்ணே. போனா எதையாச்சும் எழுதிருவாங்க. அங்க ஃபேக்டரில என் கான்ட்ராக்ட் முடியப் போவுது. பொஞ்சாதிக்கு எட்டு மாசம். இந்த வேலையும் ரூமும் கெடச்சாத்தான் நான் தலைய நிமித்த முடியும். தலைவர்கிட்ட சொல்லிறாதீங்க லா, ப்ளீஸ்."

நோட்டில் 'உடம்பு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மறுநாள் ரொட்டி சானாய் கடையில் மூன்று பேரையும் அலசினோம். முதல் இருவரைப் பற்றி ஒரு மணி நேரம் இழுபறி. மூன்றாமவர் பெயர் வந்ததும் மாஸ்டர் டம்ளரை வைத்துவிட்டு, "இந்தப் பையன் வந்துட்டா பின்னுக்கு எனக்குக் கவலையே இல்ல" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார்.

"செயலாளரே, ஆளு எப்படி?"

"ஓட்டம் நல்லாருக்கு தலைவரே."

அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இன்னும் கேவலமாக இருந்தது.

அடுத்த ஒரு வாரம் நான் மனிதனாக இல்லை. ஸ்டோரில் பெட்டி விழுந்தால் தூக்கிவாரிப் போட்டது. சொன்னால் பிறக்கப் போகிற பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போடுகிறேன். சொல்லாவிட்டால் அவர் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு என் கண் முன்னால் விழப் போகிறார். உண்மையிலேயே காற்றுப் பிடிப்பாக இருந்தால்? இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் ஆறு நாள் ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் கோயில் முன்னால் கூடினோம். மூன்று தாள், ஒரு பேனா, மூன்று புதுச் சட்டைகள் சாமி காலடியில் இருந்தன. தடுப்பாட்டக்காரரின் மனைவியும் வந்திருந்தார். வயிற்றைத் தாங்கியபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேல்மாடி அறையின் சாவியைத் தலைவர் முன்னதாகவே கொடுத்துவிட்டதால், அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செமிலிங்காரர் சூடத்தை அடித்தார், சத்தியம் செய்தார், கையெழுத்துப் போட்டார். கோல்கீப்பரும் அடித்தார். மூன்றாவது சூடத்தைத் தலைவரே ஏற்றினார். தடுப்பாட்டக்காரர் முன்னால் வந்து நின்றார். தூக்கிய கை பாதியில் நின்றது. நெருப்புக்கு அஞ்சுகிற கை இல்லை அது. அண்ணனின் அந்தப் பாதி சோடா என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

என் கை முந்திக்கொண்டது. சூடத்தை நான் அடித்தேன். உள்ளங்கையில் சுரீர் என்றது.

தலைவருக்கு முகம் கறுத்தது.

"நீங்க எதுக்குய்யா அடிச்சீங்க?"

"சத்தியமா சொல்றேன் தலைவரே. மெர்போக்ல இவரு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. நான் பார்த்தேன். உங்ககிட்ட மறைச்சிட்டேன். இவரு ஓடக் கூடாது."

"பொய்!" என்று தடுப்பாட்டக்காரர் கத்தினார். "இன்னொரு சூடம் ஏத்துங்க, நான் அடிக்கிறேன்!"

தலைவர் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒரே விஷயத்துக்கு இரண்டு சூடம் ஏற்றுவது அவருக்குச் சம்மதமில்லை. மூன்றாவது தாளை மடித்துவிட்டார்.

அந்தப் பெண் மெல்ல எழுந்தார். சாவியை நாற்காலியில் வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "நெஞ்சு வலிச்சிச்சா? என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கணவரிடம் மட்டும் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பி, "நல்லாருங்கண்ணே" என்றார். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

மனைவிதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதாகப் பிறகு மாஸ்டர் சொன்னார். இதயத்தின் சதை தடித்திருக்கிறது, இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பந்தாடாவிட்டாலும் அவருக்குப் பட்டறையில் ஒரு வேலை கொடுங்கள் என்று தலைவரிடம் கெஞ்சினேன். "இது கிளப்புக்கு வெச்ச வேலைய்யா" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதையும் நான் நோட்டில்தான் எழுதினேன். அந்த சீசனில் பின்வரிசையில் ஓட்டை விழுந்து கோல் கோலாக வாங்கினோம். யாரை எடுத்தது சரி, யாரை விட்டது தப்பு என்று பேசும்போதெல்லாம் மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

போன மாதம் ஒரு வேலையாக அலோர் ஸ்டார் போயிருந்தேன். பாசார் என்கிற சந்தைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். காவலாளி உடுப்பு, இடுப்பில் ஒரு பிள்ளை. பக்கத்தில் மனைவி. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, புறப்படப் போகிற பஸ்ஸை நிறுத்த ஓட ஆரம்பித்தார்.

"ஓடாதீங்க தம்பி!" என்று நான் நடுச்சாலையில் அலறினேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மனைவியிடம் திரும்பி வந்தார், நடந்து.