காலரில் ஒரு குண்டூசி

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் தூத்துக்குடியில் எங்கள் துறைமுக அலுவலகத்துக்குக் குண்டூசி வருவது நின்றுபோயிற்று. உப்பளத்தோரத்து உடைமரத்தின் நீண்ட வெள்ளை முட்களைக் குத்தித்தான் காகிதங்களைச் சேர்த்துவைப்போம். முள் ஒடித்து வருபவர் எங்கள் பியூன். ஒட்டிய கன்னம், சிரிக்காத முகம். அவர் சட்டைக் காலரில் மட்டும் ஒரு குண்டூசி மின்னிக்கொண்டே இருக்கும்.

"அண்ணாச்சி, அந்த ஊசியத் தாங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது முள்ளு எடுக்கதுக்கு தம்பி. யாருக்கும் கிடையாது."

மறுவாரம் ஒரு முள் என் விரலில் ஏறி ஒடிந்தது. அதை அவர் அந்த ஊசியால்தான் நோகாமல் எடுத்தார். ஊசியைத் துடைத்து மறுபடி காலரில் குத்திக்கொண்டார்.

சண்டை ஓய்ந்து குண்டூசி பெட்டி பெட்டியாக வந்தது. இனி முள்ளைக் கண்டால் பியூனுக்கு வேலை இல்லை என்று அதிகாரி கத்திவிட்டுப் போனார். மறுநாளே என் மேசையில் ஒரு கை முள்ளைக் கொண்டுவந்து வைத்தார் பியூன்.

"இன்னும் எதுக்கு அண்ணாச்சி முள்ளு?" என்றேன் பதறிப்போய்.

அவர் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "முள்ளு இல்லேன்னா இந்த ஊசி என்னத்துக்கு தம்பி?"

கேலியா, கவலையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. நான் முட்களை அள்ளி என் மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்பதும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.