கத்திரியக்காவின் கட்டைவிரல்

ஒற்றைத் தையல் மெஷினோடு நான் தொடங்கிய திரைச்சீலைப் பட்டறையில் இன்று இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்பதால் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் எழுத மாட்டேன். பேசித்தான் அனுப்புவேன். அனுப்பிய நிமிடமே பதில் வரும். என் குரலுக்கு அவ்வளவு மரியாதை.

துணி வெட்டும் கத்திரியக்காதான் எப்போதும் முதல் ஆளாகக் கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போடுவார். பதினெட்டு வருடமாக அரை அங்குலம் பிசகாத கை. அந்தக் கைதான் போன வாரம், ஏழடி வெட்டச் சொன்ன நாற்பது திரைகளையும் பழைய அளவிலேயே ஆறடியாக வெட்டி வைத்திருந்தது.

"கட்டைவிரல் போட்டியேம்மா, நான் சொன்னத கேக்காமலா போட்ட?"

அவர் என் வாயையே பார்த்தார். "மூணு மாசமா காது சரியா கேக்கலைங்க முதலாளி. சொன்னா வேலைய விட்டு அனுப்பிடுவீங்கன்னு பயம். ஃபோன் அதிர்ந்ததும் போட்டுடுவேன். இத்தன நாளும் ஆறடிதானேன்னு அப்படியே வெட்டிட்டேன்."

"உன்ன அனுப்பிட்டு அந்தக் கத்திரிய நானா பிடிக்கிறது?" என்று அவருக்குக் கேட்கும்படி கத்தினேன். "அடியில ஓரடி பட்டை சேத்துத் தைச்சுக்கலாம், போ."

மறுநாள் காலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே எழுதினேன்: 'நீலத் துணி. எட்டடி. முப்பது.' கால் மணி நேரம் ஆனது. டீ ஆறிவிட்டது.

இந்த முறை கட்டைவிரல் வரவில்லை. 'எட்டடி, முப்பது. வெட்டிடுறேங்க' என்று வந்தது.

அதை என் மனைவியிடம் இரண்டு முறை காட்டினேன்.