துசாந்தினியின் மூச்சு

வவுணதீவுப் பக்கம் வேலனைத் தெரியாதவர்கள் குறைவு. மற்ற மாதங்களில் வெறும் வயற்காரன். வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயிலின் தெய்வக்காரன். உடுக்கு முழங்கினால் உரு வரும்; அம்மாள் அவன்மேல் ஏறி ஆடுவாள், வாக்கும் சொல்லுவாள்.

இந்த வருஷச் சடங்குக்கு அவன் மனைவி துசாந்தினியும் விரதம் பிடித்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே சீனி வருத்தம், தினமும் இன்சுலின் ஊசி. மூன்றாம் நாள் காலை வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தாள். பித்தம் என்றார்கள். மத்தியானப் பூசையில் அவளுக்கு மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது.

"அம்மாள் வந்திட்டா கா! வேப்பிலை எடுங்க!" என்று அவள் தாய் சீனிப்பிள்ளை கத்தினாள். பெண்கள் குரவையிட்டார்கள்.

வேலன் அவள் மூச்சையே கவனித்தான். இருபது வருஷம் ஆடியவன் அல்லவா! உரு வந்தவரின் மூச்சு எகிறும், பிறகு அடங்கும். இது அடங்கவே இல்லை. குனிந்து பார்த்தான். நாக்கு காய்ந்து கிடந்தது. வாயில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை.

"இது அம்மாள் இல்ல மாமி. விடுங்க!"

"தெய்வக்காரன் நீங்களே இப்படிச் சொல்லலாமா மருமகன்? சடங்கைக் குழப்பினா குற்றம் வரும்!"

"வரட்டும்! எனக்கே வரட்டும்!"

அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினான். அயலவன் ரதீஸின் ஓட்டோ வாவிப் பாலத்தைக் கடந்து ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அந்த மூச்சுச் சத்தம்தான். பாவி மனுசன், அது நின்றுவிடக் கூடாதே என்று தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

டொக்டர் இஷாம் இரத்த ரிப்போட்டைக் காட்டினார். "பைகாபனேற்று ஆறு. இருபத்திரண்டாவது இருக்கணும். இன்சுலின் இல்லாட்டி உடம்புக்குச் சீனிய எரிக்கேலாது, கொழுப்ப எரிக்கும். அப்ப இரத்தத்தில அமிலம் கூடும். அத அடக்கிறதுதான் இந்தப் பைகாபனேற்று. அது முடியப் போகுது. அதான் நெஞ்சு மூச்சால அமிலத்த ஊதித் தள்ளப் பாக்குது. நெஞ்சு களைச்சா ஆள் தப்பாது."

சேலைனும் இன்சுலினும் ஏறின. சில மணிக்கு ஒருதரம் இரத்தம் எடுத்தார்கள். ஆறு எட்டானது. எட்டு ஒன்பதானது. பிறகு அந்த நாசமாய்ப் போன எண் அசையவே இல்லை. வேலன் சுவரோடு சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

விடிந்தபோது பதினேழு. துசாந்தினி கண் திறந்தாள்.

"ஊசிய ஏன் நிப்பாட்டினீங்க?" என்று டொக்டர் கேட்டார். "சொன்னதாலதான்..." என்று முனகினாள் அவள்.

வேலனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லு புள்ள! எந்த மடையன் சொன்னான்? அவன்ட பல்லக் கழட்டுறன்!"

அவள் அவனையே பார்த்தாள். "நீங்கதான். சடங்குக்குக் கோயில் கதவு திறந்தண்டைக்கு உருவில நிண்டு சொன்னீங்க. சடங்கு முடியுமட்டும் ஊசி தொடாத, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு."

அவனுக்கு ஒரு சொல்கூட நினைவில்லை. உரு இறங்கினால் எதுவுமே நினைவிருப்பதில்லை. ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

டொக்டர் காரணத்தை எழுதப் பேனையோடு காத்திருந்தார்.

"எழுதுங்க, டொக்டர்" என்றான் வேலன். "நான்தான் சொன்னன்."